மகன் "மாரோ" ஆகப் போகிறேன் என்றால்

பலெர்மோவில் எம்மவர் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இப்போது ஒரு சொல் வந்து விழுகிறது. அது "கொன்கோர்சோ". அரச வேலைகளுக்காக நடத்தப்படும் போட்டித் தேர்வுக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் அது. நகரசபை, வைத்தியசாலை என்று எதற்கும் கொன்கோர்சோ உண்டு. பிள்ளை அப்படி ஏதாவது எழுதப் போகிறேன் என்றால் பெற்றோருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பதினெட்டு வயது முடிந்து இத்தாலியக் குடியுரிமையும் எடுத்துக்கொண்ட மகன், "நான் மரீனாவுக்கு விண்ணப்பம் போடப் போகிறேன், சான் மார்க்கோவில் சேர விருப்பம்" என்று சொன்னால் வீட்டில் சோறு இறங்காது. மரீனா என்றால் கடற்படை. சான் மார்க்கோ அதன் மரைன் பிரிவு. அப் பிரிவின் வீரனைத்தான் இந் நாட்டார் "மாரோ" என்று அழைக்கிறார்கள்.

"நேவிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீ நேவியிலை சேரப் போறியோ?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் பிழை சொல்ல எம்மால் முடியாது. கடற்படை என்ற சொல் எமக்குள் எழுப்பும் நினைவுகள் வேறு. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நினைக்காத தீவகத்தவர் இல்லை. 2007இல் மன்னார் முள்ளிக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சனங்களின் காணிகளில் கடற்படை முகாம் எழுந்ததை அவர்களின் உறவுகள் இங்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சீருடையைக் கண்டால் வயிறு கலங்கும் ஒரு தலைமுறை நாம். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்குச் சீருடை என்றால் துறைமுகத்தில் நிற்கும் வெள்ளை உடுப்புக்காரன். பள்ளித் தோழனின் தமையன். மாதம் தவறாத சம்பளம்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நியாயம் சொல்வதற்கு நாம் இதை எழுதவில்லை. பிள்ளையைத் தடுக்கும் பெற்றோரும், சரி என்று விடும் பெற்றோரும், அந்தப் பயிற்சி என்ன, அந்தச் சேவை என்ன என்று அறிந்துகொண்டு பேசினால் சண்டை பாதியாகக் குறையும். ஆகவே எமக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறோம்.

பிடித்துக்கொண்டு போவார்களா?

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். "இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்தால் பெடியனை ஆமிக்குப் பிடிப்பார்கள்" என்று புதிதாக வந்த சில குடும்பங்கள் நம்புகின்றன. இது பழைய கதை. கட்டாய இராணுவ சேவை இங்கு முன்னர் இருந்தது உண்மை. அதற்கு "லேவா" என்று பெயர். பேச்சு வழக்கில் "நாயா" என்பார்கள். எமது காதுக்கு அச்சொல் எப்படிக் கேட்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அதில் இருந்து வந்த பலர் தாம் பட்ட பாட்டைச் சொல்லும்போது தமிழ்ப் பொருளும் ஓரளவு பொருந்தும் போலத்தான் இருக்கும்.

வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்யும் எம்மவர், அந்த வீட்டு நோன்னோவிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வெளியே வரும். வட இத்தாலியில் எங்கோ ஒரு பனிமலை முகாமில் தலை மழித்து நிற்கும் இருபது வயதுச் சிசிலிப் பெடியன். ஓராண்டு வீட்டைப் பிரிந்திருந்த கதை அரை நாளுக்கு ஓடும்.

சிசிலிக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. பூர்போன் மன்னர் காலத்தில் இத்தீவில் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. 1860இல் கரிபால்டி வந்து, அடுத்த ஆண்டு இத்தாலி ஒரே நாடான பின்னர்தான் லேவா இங்கு நுழைந்தது. பிள்ளைகளைக் கொடுக்க மறுத்து மலைகளுக்குள் ஒளிந்த இளைஞர் ஆயிரக்கணக்கானோர். அவர்களைத் தேடிப் படையினர் கிராமங்களைச் சுற்றி வளைத்தார்கள். 1866 செப்ரெம்பரில் பலெர்மோ நகரம் ஏழரை நாட்கள் அரசுக்கெதிராகக் கிளர்ந்து நின்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே பிள்ளையைப் படைக்குக் கொடுக்கப் பயப்படுவது எமக்கு மட்டும் உரிய குணமல்ல. இந்த ஊர்த் தாய்மாருக்கும் அது தெரியும்.

துவக்கைத் தொட மாட்டேன் என்று சொன்னவர்கள் முன்னர் சிறைக்குப் போனார்கள். 1972இல் வந்த சட்டம் அவர்கள் மாற்றுச் சேவை செய்ய வழி திறந்தது. 1998இல் வந்த சட்டம் அதை ஓர் உரிமையாகவே ஏற்றது. பின்னர் 2004இல் நிறைவேறிய 226ஆம் இலக்கச் சட்டத்தின்படி 2005 ஜனவரி 1 முதல் கட்டாய சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. "நிறுத்தி வைக்கப்பட்டது" என்ற சொல்லைக் கவனியுங்கள், அடியோடு நீக்கப்படவில்லை. போர் போன்ற நிலை வந்தால் திரும்பக் கொண்டுவர இடமுண்டு. ஆனால் இன்று எந்தப் பிள்ளையையும் எவரும் பிடித்துக்கொண்டு போவதில்லை. போகிறவர்கள் தாமே விண்ணப்பித்துப் போகிறவர்கள். அதிலும் விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை.

யார் போகலாம்?

இத்தாலியக் குடியுரிமை இருக்க வேண்டும். சொஜ்ஜோர்னோ எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் அது போதாது. இங்கே பிறந்து, பதினெட்டு வயது வரை இடைவெளியின்றிச் சட்டப்படி இங்கேயே வாழ்ந்த பிள்ளை, 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, பதினெட்டு முடிந்து ஓராண்டுக்குள் நகரசபையில் போய்த் தான் இத்தாலியனாக விரும்புவதாக அறிவிக்கலாம். இந்த ஓராண்டை விட்டுவிட்டால் பிறகு நீண்ட வழிதான். படையில் சேர விருப்பமோ இல்லையோ, இந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பதினெட்டு நிறைவதற்கு முந்திய ஆறு மாதத்துக்குள் நகரசபை இதைப் பிள்ளைக்கு அறிவிக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் வந்தது. கடிதம் வரும் என்று காத்திருக்காமல் நீங்களே போய்க் கேட்பது நல்லது.

மற்றவை இவை. முதல்முறை சேர்வதற்கு வயது பதினெட்டுக்கும் இருபத்துநான்குக்கும் இடையில் இருக்க வேண்டும். தெர்ச்சா மேதியா, அதாவது எட்டாம் ஆண்டுப் படிப்பின் சான்றிதழ் போதும். பொலிஸ் குற்றத் தண்டனை எதுவும் இருக்கக் கூடாது. போதைப்பொருள் பாவித்தது பரிசோதனையில் தெரிந்தால் அத்தோடு முடிந்தது. உயரம் போதாது என்று முன்னர் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆணுக்கு 165 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 161 என்று அளவு இருந்தது. 2015இல் வந்த சட்டம் அந்த அளவை எடுத்துவிட்டு உடலின் கட்டையும் பலத்தையும் பார்க்கச் சொல்கிறது. எமது பிள்ளைகளில் பலருக்கு இது நல்ல செய்தி. பெண் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. 1999இல் வந்த 380ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்னர் பெண்களும் முப்படைகளில் சேர்க்கப்படுகிறார்கள்.

ஓட்டம், தண்டால், வயிற்றுப் பயிற்சி ஆகியவற்றோடு கடற்படைக்கு நீச்சலும் பார்ப்பார்கள். இங்கேதான் எமது பெடியன்கள் தடுக்கி விழுகிறார்கள். கோடையில் மொண்டெல்லோவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் பிள்ளையை விட்ட தாயும் இல்லை! படையில் சேராவிட்டாலும் பரவாயில்லை, தீவில் வாழும் பிள்ளைக்கு நீச்சல் பழக்குங்கள்.

சிங்கம் என்றால்

சான் மார்க்கோவினரின் சட்டைக் கை நுனியில் சிவப்புத் துணியில் பொன்னிறச் சிங்கம் ஒன்று இருக்கும். சிங்கம் என்றதும் எமக்கு வேறு ஒரு கொடி நினைவுக்கு வரும். இது அதுவல்ல. வெனிஸ் நகரின் காவலரான புனித மாற்குவின் சிறகுள்ள சிங்கம். முதலாம் உலக யுத்தத்தில், 1917இல் கப்பொரெத்தோவில் இத்தாலியப் படை உடைந்தபோது, பியாவே ஆற்றின் முகத்துவாரத்தில் நின்று வெனிசைக் காத்தவர்கள் கடற்படையின் இந்த மரைன்கள். அதற்கு நன்றியாக 1919இல் அந் நகரம் தன் காவலரின் பெயரையும் சின்னத்தையும் அவர்களுக்குக் கொடுத்தது.

இன்று இதன் தலைமையகம் இத்தாலியின் குதிக்கால் போலிருக்கும் புலியா மாநிலத்தில், பிரிண்டிசி நகரில் இருக்கிறது. முகாமின் பெயர் கார்லோத்தோ. 1900இல் சீனாவின் தியென்சின் நகரில் உயிரிழந்த இளம் கடற்படை அதிகாரி ஒருவரின் பெயர் அது. 1982இல் லெபனானில் பெய்ரூட்டுக்குப் போன பன்னாட்டுப் படையில் இவர்கள் இருந்தார்கள். 2006இல் மீண்டும் தென் லெபனானில் ஐ.நா. படையாக இறங்கினார்கள். பலெர்மோவிலிருந்து பிரிண்டிசிக்குப் போவதென்றால் மெசினா நீரிணையைத் தாண்டி இத்தாலியின் பாதத்தைச் சுற்ற வேண்டும். வார இறுதியில் அம்மாவின் குழல் புட்டுக்கு ஓடி வரும் தூரமல்ல.

பயிற்சி

கடற்படையின் புதுமுகங்கள் முதலில் போவது தாரந்தோ நகரிலுள்ள கடற்படைப் பாடசாலைக்கு. அங்கே முதல் நாளிலிருந்தே நேரம் பிள்ளையின் கையில் இல்லை. விடியுமுன் எழும்ப வேண்டும். கொடியேற்றம். அணிவகுப்பு. "அத்தேந்தி" என்றால் விறைத்து நிற்க வேண்டும், "ரிப்போசோ" என்றால் தளர்ந்து நிற்கலாம். மெத்தையையும் போர்வையையும் மடித்துச் சதுரமாக அடுக்க வேண்டும். அதற்குக் "கூபோ" என்று பெயர். மூலை சரியில்லை என்றால் குலைத்துவிட்டு மறுபடி. கழிவறை கழுவுதல், கூட்டுதல், இரவில் முறைவைத்து விழித்திருந்து காவல் நிற்றல். வீட்டில் தண்ணீர்ப் போத்தலைக்கூட அம்மா எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கு முதல் இரண்டு கிழமையும் அழுகை வரும். அழுகிறவர்கள் எல்லோரும் விட்டுவிட்டு வருவதில்லை. ஆனால் வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இந்தச் சின்னச் சின்ன ஒழுங்குகள் எதற்கு என்று பிள்ளை கேட்கும். போர்வையின் மூலை யுத்தத்தை வெல்லாதுதான். கட்டளை காதில் விழுந்ததும் யோசிக்கு முன்னர் உடம்பு அசைய வேண்டும் என்பதற்கான பழக்கம் அது. கப்பலில் தீப்பிடித்தால், தண்ணீர் புகுந்தால், ஒருவன் தாமதித்தால் எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே தீயணைப்பும் கப்பல் ஓட்டையை அடைப்பதும் அங்கே ஆரம்பப் பாடங்கள். துவக்கைக் கழற்றிப் பூட்டுவதும் சுடுவதும் அடுத்தது. சட்டமும் சொல்லிக் கொடுப்பார்கள். குற்றமாகும் ஒரு கட்டளையைக் கேட்கக் கூடாது என்பது இந்த நாட்டின் இராணுவச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. யோசியாமல் கீழ்ப்படியவும் பழக்கி, யோசித்து மறுக்கவும் சொல்லும் இந்த முரண்பாட்டை எப்படிச் சுமப்பது என்பது எந்த நாட்டுப் படையிலும் தீராத விடயம். எம்மைச் சுட்டவர்களும் கட்டளை என்றுதான் சொன்னார்கள்.

சில வாரங்களின் பின் "ஜுராமெந்தோ", அதாவது சத்தியப்பிரமாணம். குடியரசுக்கும் அதன் அரசியலமைப்புக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். குடும்பத்தினரை அழைப்பார்கள். போகக் கிடைத்தால் போங்கள். சேலையோடு போங்கள், தென் இத்தாலித் தாய்மார் சரிகைக் கரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து அழுவார்கள்.

மரைனாக வேண்டியவனுக்கு உண்மையான வேலை இதன் பின்னர் பிரிண்டிசியில் ஆரம்பமாகிறது. முதுகில் பாரத்தோடு நடை, தடைகளைத் தாண்டுதல், இறங்கு படகிலிருந்து கரைக்குப் பாய்தல், ஹெலிகொப்ரரிலிருந்து கயிற்றில் வழுக்கி இறங்குதல், ஆடும் படகிலிருந்து இன்னொரு கப்பலின் பக்கத்தில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறுதல், காயப்பட்டவனுக்குச் சூட்டுக்கு நடுவில் இரத்தத்தைக் கட்டுதல். நனைந்த உடுப்போடு, நித்திரையில்லாமல், பசியோடு செய்ய வேண்டும். தோல் உரிந்த பாதம், வீங்கிய முழங்கால் இவை சாதாரணம். எல்லோரும் முடிப்பதில்லை. முடிக்காதவர் கடற்படையின் வேறு வேலைகளில் தொடர்வார்.

தண்டனைகளும் சட்டத்தில் எழுதப்பட்டவை. சிறு தவறுக்குக் கண்டிப்பு. அதற்கு மேல் "கொன்சேஞா": ஏழு நாட்கள் வரை வெளியே போகும் அனுமதி இல்லை. பெரிய தவறுக்குப் பதினைந்து நாட்கள் வரை கடுமையான கொன்சேஞா. அடிப்பதும் அவமானப்படுத்துவதும் எந்தத் தண்டனைப் பட்டியலிலும் இல்லை. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

பழைய வீரர்கள் புதியவர்களை வதைக்கும் வழக்கத்துக்கு இங்கே "நொன்னிஸ்மோ" என்று பெயர். எமது பல்கலைக்கழகங்களின் பகிடிவதையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சிராக்கூசாவைச் சேர்ந்த எமானுவேலே ஷியேரி சட்டம் படித்த 26 வயது இளைஞர். கட்டாய சேவைக்காகப் பாராசூட் படைக்கு அனுப்பப்பட்டு, 1999 ஆகஸ்ட் 13இல் பீசா நகரின் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அன்றிரவே காணாமற்போனார். மூன்றாம் நாள், பாராசூட் உலர்த்தும் கோபுரத்தின் அடியில் சடலம் கிடந்தது. ஒரு முகாமின் சுற்றுமதிலுக்குள்ளே மூன்று நாட்கள்! தற்கொலையாக இருக்கலாம் என்றார்கள். தாய் விடவில்லை. 2017இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு, அவர் தாக்கப்பட்டே இறந்தார் என்ற முடிவுக்கு வந்தது. 2023இல் பீசா நீதிமன்றம் முன்னாள் படையினர் இருவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. இருபத்துநான்கு வருடங்கள் ஒரு சிசிலித் தாய் நடந்த நடை அது.

இன்று படையிலிருப்போர் எல்லோரும் விரும்பிப் போனவர்கள், கைத்தொலைபேசி உண்டு, 2022இல் வந்த சட்டம் படையினருக்குத் தொழிற்சங்கம் வைக்கவும் வழி செய்திருக்கிறது. ஆனாலும் பிள்ளை வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசத் தொடங்கினால் பெற்றோர் கேட்க வேண்டும். நிறத்தின் பேரால் ஏதாவது நடந்தால் அதை "பகிடிதானே" என்று விழுங்கச் சொல்லாதீர்கள்.

கடலில்

சினிமாவில் காட்டுவது போல மரைனின் நாட்கள் துவக்குச் சத்தத்தில் கழிவதில்லை. பெரும் பகுதி காத்திருப்பு. வாயிலில் காவல். ஆயுதம் துடைத்தல். சான் ஜோர்ஜோ, சான் மார்க்கோ, சான் ஜூஸ்தோ என்ற கப்பல்களில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருத்தல். தட்டுத்தட்டாக அடுக்கிய படுக்கை, வாந்தி, சலிப்பு. வீட்டில் கொண்டாட்டம் நடக்கும்போது நடுக்கடலில் நிற்பது.

இன்னொரு வேலையும் உண்டு. அது எமக்குக் கிட்டவானது. 2013 ஒக்ரோபர் 3இல் லம்பெதூசாத் தீவின் அருகே படகு கவிழ்ந்து முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னர், இத்தாலிக் கடற்படை "மாரே நோஸ்த்ரும்" என்ற பெயரில் மீட்புப் பணியைத் தொடங்கியது. 2014 ஒக்ரோபர் முடியும் வரை ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதரைக் கடலிலிருந்து தூக்கினார்கள். படகுகளை அணுகி, குழந்தைகளைக் கைமாற்றி ஏற்றியவர்களில் சான் மார்க்கோ மரைன்களும் இருந்தார்கள். கப்பலை ஏறிச் சோதிக்கப் பழகிய அதே கைகள்.

இது பதினேழு வருடங்களுக்கு முன்னர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1996 டிசம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, மால்ட்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில், பெரிய கப்பலொன்றிலிருந்து சிறு படகுக்கு மாற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை இளைஞர்களோடு அந்தப் படகு தாண்டது. குறைந்தது 283 பேர். அவர்களில் எமது பெடியன்கள் பலர். தப்பியவர்கள் கிரேக்கத்தில் கரை சேர்ந்து சொன்ன கதையை எவரும் நம்பவில்லை. போர்த்தோபாலோ மீனவர்களின் வலைகளில் சடலங்கள் வந்தன. பேசப் பயந்து திரும்பக் கடலில் விட்டார்கள். பின்னர் வலையில் வந்த, பதினேழு வயதுத் தமிழ்ப் பிள்ளையொருவனின் அடையாள அட்டையை ஒரு மீனவர் வெளியே கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தேடிய ஜொவான்னி மரியா பெல்லு என்ற பத்திரிகையாளர் 2001இல் கடலடியில் 108 மீற்றர் ஆழத்தில் அந்தப் படகைக் கண்டார். அந்தக் கடலில் மனிதரைத் தூக்க ஒரு தமிழ்ப் பிள்ளை போகிறது என்றால், எமது மனம் முழுதாக இல்லை என்று சொல்ல மறுக்கிறது.

கேரளக் கடலில் நடந்தது

அதே பிரிவின் இன்னொரு கதையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சோமாலியக் கொள்ளையருக்குப் பயந்து, வணிகக் கப்பல்களில் கடற்படையினரைக் காவலுக்கு வைக்க 2011இல் இத்தாலி சட்டம் கொண்டுவந்தது. 2012 பெப்ரவரி 15இல், ஆறு மரைன்கள் காவலிருந்த "என்றிக்கா லெக்சி" என்ற எண்ணெய்க் கப்பல் கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கடல்மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த "சென் அந்தனி" என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென்று எண்ணிச் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்த வாலன்டைன் ஜெலஸ்டின். மற்றவர் குமரி மாவட்டத்துத் தமிழ் இளைஞர் அஜீஸ் பிங்கு.

மாசிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே என்ற இரு மரைன்கள் கைது செய்யப்பட்டார்கள். ஒருவர் தாரந்தோக்காரர், மற்றவர் பாரி நகரத்தவர். இத்தாலியின் பல நகரசபைகளின் முகப்பில் அவர்களின் படங்கள் தொங்கின. "எங்கள் மாரோக்கள்" என்று தொலைக்காட்சி நாள்தோறும் சொன்னது. நாம் இங்கே வேலை செய்யும் வீடுகளில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இறந்த இரு மீனவரின் பெயர் அந்தத் தொலைக்காட்சியில் மிக அரிதாகவே வந்தது. வீட்டுக்கார அம்மா "பாவம் பிள்ளைகள்" என்று சொன்னபோது எந்தப் பிள்ளைகளை என்று கேட்க எம்மவருக்கு வாய் வரவில்லை.

லத்தோரே நோய் காரணமாக 2014இலும், ஜிரோனே 2016இலும் நாடு திரும்பினர். பன்னாட்டு நடுவர் மன்றம் 2020இல் தீர்ப்புச் சொன்னது: அவர்கள் அரசின் பணியில் இருந்ததால் இந்திய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது; ஆனால் இத்தாலி இழப்பீடு கொடுக்க வேண்டும். பத்துக் கோடி ரூபா கட்டப்பட்டது. இறந்தவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நாலு கோடி, படகுச் சொந்தக்காரருக்கு இரண்டு கோடி. 2021 ஜூன் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. 2022 ஜனவரியில் உரோமிலும் வழக்கு விசாரணைக்குப் போகாமலே முடிந்தது.

பிள்ளையோடு பேசும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த இருவரும் கெட்டவர்கள் என்று காட்டுவதற்கல்ல. நல்ல பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். பல வருட சேவை உள்ளவர்கள். தூரத்தில் வரும் படகில் இருப்பவன் கொள்ளைக்காரனா, சூடை மீன் பிடிக்கும் குமரிக்காரனா என்று முடிவெடுக்கச் சில நிமிடங்கள்தான் இருந்தன. அந்த நிமிடம் தன் கையில் வந்தால் என்ன செய்வான் என்று மகன் ஒரு தரமேனும் யோசித்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னர்

2022இல் வந்த 119ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். அதன் பின்னர் தெரிவானால் இன்னும் மூன்று வருடம். அதற்கும் பின்னர்தான் நிரந்தரம். ஆறு வருடம் இருந்தும் நிரந்தரம் கிடைக்காதவர் உண்டு. ஆனால் கரபினியேரி, பொலிஸ் போன்ற சேவைகளில் ஒரு பங்கு இடம் படையிலிருந்து வந்தவர்களுக்கு ஒதுக்கப்படுவதால் அந்த வருடங்கள் வீண்போகும் என்றும் சொல்ல முடியாது. தென் இத்தாலியப் பிள்ளைகள் பெருந்தொகையாக இதற்கு விண்ணப்பிப்பதன் இரகசியம் இதுதான். வடக்கைப் போல இங்கே தொழிற்சாலைகள் இல்லை.

விண்ணப்பம் பாதுகாப்பு அமைச்சின் இணையத் தளத்தில், "ஸ்பீட்" அடையாளத்தோடு போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு இடம் எடுத்துத் தருவேன் என்று எவராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ஒவ்வொரு முறையும் வெளியாகும் "பாந்தோ" என்ற அறிவித்தலை முழுதாக வாசியுங்கள். பிள்ளையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இடையில் விலகுவது எப்படி, காயப்பட்டால் என்ன என்பவற்றை அப்போதே கேளுங்கள். கடற்படைக்குள்ளேயே கரையோரக் காவற்பிரிவு உண்டு. மீட்புப் பணிதான் விருப்பம் என்றால் அதற்குத் தனியாக இடம் ஒதுக்கப்படுகிறது.

சைவப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தகவல். இந்து சமயத்தவரின் ஒன்றியத்தோடு இத்தாலி அரசு செய்த உடன்படிக்கை 2012 டிசம்பரில் 246ஆம் இலக்கச் சட்டமாயிற்று. படையிலிருக்கும் இந்துக்களுக்குச் சமய உதவி பெறும் உரிமையும், தீபாவளியை அனுட்டிக்கும் உரிமையும் அதில் உண்டு. முகாமில் கேட்டால் பலருக்குத் தெரியாது. சட்ட இலக்கத்தை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

துவக்கில்லாமல் இந்த நாட்டுக்குச் சேவை செய்ய விரும்பும் பிள்ளைக்கு "செர்விட்சியோ சிவிலே" இருக்கிறது. பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயது வரை. முதியோர் இல்லம், நூலகம், அம்புலன்ஸ், பிள்ளைகளின் மாலை வகுப்பு என்று எட்டு முதல் பன்னிரண்டு மாதங்கள். கிழமைக்கு ஏறத்தாழ இருபத்தைந்து மணித்தியாலம். மாதம் ஐந்நூறு யூரோவுக்குச் சற்று மேல். முன்னர் இதற்கும் குடியுரிமை கேட்டார்கள். 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது தவறென்று சொன்னது. ஆகவே சட்டபூர்வமான சொஜ்ஜோர்னோ உள்ள எமது பிள்ளைகளும், நேற்று வந்த குடும்பத்தின் மூத்த மகளும்கூட, இத்தாலி மொழி ஓரளவு பிடிபட்டதும் இதற்கு விண்ணப்பிக்கலாம். அறிவித்தல் பொதுவாக ஆண்டுக்கொரு முறை வரும். அதைப் பூர்த்தி செய்யத் துணை தேவைப்படுவோர், ஏற்கெனவே செய்து முடித்த எமது பிள்ளைகளைத் தேடிக் கேளுங்கள். தமிழ்ப் பாடசாலை வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் ஓரிருவராவது நிற்பார்கள்.